பச்சை மரத்துச் சுவர்

எங்கள் வீட்டு நடுச்சுவர் பச்சைப் பலாப் பலகையில் எழுப்பியது. நம் வயதுக்காரர்களில் மரம் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் இந்த முதல் வரியிலேயே சிரிப்பார்கள். தாராளமாகச் சிரியுங்கள். அறுத்த பலகையை ஒரு வருஷமாவது நிழலில் அடுக்கிக் காயவிடாமல் யாராவது ஆணி அடிப்பார்களா என்று கேட்பீர்கள். ஜவ்வாது மலையில் பிறந்து வளர்ந்த எவரும் அடிக்க மாட்டார். என் அப்பா அடித்தார்.

இப்போது நான் கண்ணமங்கலத்தில் மகள் வீட்டோடு இருக்கிறேன். தெருவுக்கு எதிர்ப்பக்கம் ஒரு மரக்கடை. காதில் எதையோ செருகிக்கொண்டு ஓர் ஆள் மிஷினில் தனியாக மரத்தை அறுத்துத் தள்ளுகிறார். காலையிலிருந்து சாயங்காலம் வரை அவர் யாரிடமும் பேசி நான் பார்த்ததில்லை. பேச வேண்டிய தேவை அவருக்கு இல்லை. மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விட்டால் எனக்கும் இல்லை. தெருவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நாங்கள் இரண்டு பேரும் பொழுதை ஓட்டுகிறோம். பலாமரம் வந்து இறங்கும் நாளில் மட்டும் நான் ஜன்னலைச் சாத்திவிடுவேன். அந்த வாசனை எனக்கு ஆகாது. தூசு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து மகள் மாத்திரை வாங்கி வைத்திருக்கிறாள்.

அந்த வருஷம் எனக்கு ஒன்பது வயது இருக்கலாம். எங்கள் மலையில் யார் பிறந்தநாளை யார் குறித்து வைத்தார்கள்! நீளமாக ஒரே வீடு, புல் கூரை, ஒரே அடுப்பு. பெரியப்பா, பெரியம்மா, அவர்கள் மகளான அக்கா, பிறகு அப்பா, அம்மா, நான். அக்கா என்னைவிடக் கொஞ்சம் பெரியவள். எங்கள் ஊரில் வீடுகள் நெருங்கி இருக்காது. ஒவ்வொன்றும் அதனதன் சாமைக் கொல்லைக்கு நடுவில் தனியாக நிற்கும். பக்கத்து வீட்டுக்குப் போக ஓர் ஓடையைத் தாண்ட வேண்டும். ஆகவே விளையாட எனக்கு இருந்த ஒரே ஆள் அக்காதான். ஒரே பாயில் படுத்தோம், ஒரே சீப்பில் தலை வாரினோம், பேனும் பொது. எங்கள் சொத்து ஒரு தகர பிஸ்கட் டப்பா. காட்டிலாகா ஆபீசர் யாரோ தூக்கிப் போட்டது. அதற்குள் குன்றிமணி, உடைந்த வளையல் துண்டுகள், ஒரு ஜிகினாக் காகிதம். மூடி இறுக்கமானது. நான் டப்பாவை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொள்ள, அக்கா மூடியை இழுத்தால்தான் திறக்கும்.

சண்டை எதனால் வந்தது என்று சொன்னால் இதற்கா என்பீர்கள். படவேட்டுப் பக்கம் அடிவாரத்தில் என் மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தம்பிக்குக் கல்யாணம். நாங்கள் மூன்று பேரும் முன்னாடியே இறங்கிப் போய்விட்டோம். கல்யாணத்தன்று காலை பெரியப்பா சீர்த்தட்டோடு பஸ்ஸில் வந்து, வீட்டுக்கு மூத்தவராகச் சபையில் நிற்க வேண்டும். அன்றைக்குப் பஸ் வரவில்லை. மலைக்கு வருவதே ஒரு பஸ், அது படுத்துக்கொள்வது புதிதும் இல்லை. பெரியப்பா சாயங்காலம் வரை ரோட்டோரம் தட்டோடு நின்றுவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டார். கல்யாண வீட்டில், மலைக்காரங்க சீர் மலையிலேயே நின்றுவிட்டதா என்று அம்மாவின் ஆட்கள் கேலி பேசினார்கள். அப்பா அதை மனதில் கட்டிக்கொண்டு மலையேறினார். வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"பஸ்ஸு வரலன்னா இன்னா? நடந்து வந்திருக்கலாம் இல்ல?"

"தட்டத் தூக்கிகினு, பொம்பளைங்கள வேற கூட்டிகினு, காட்டுல எப்டிடா எறங்கறது?" என்றார் பெரியப்பா.

"வரணும்னு நெனப்பு இருந்தா வந்திருப்ப."

அவ்வளவுதான். அதற்குமேல் அண்ணனுக்கும் தம்பிக்கும் நேருக்கு நேர் ஒரு சொல் கிடையாது. அடுப்பு இரண்டாயிற்று. பிறகு ஊர்க்கவுண்டர் வந்து உட்கார்ந்தார். எங்கள் ஊருக்கு நியாயம் சொல்பவர் அவர்தான். வீட்டை நடுவில் பிரித்துக்கொள்ளச் சொன்னார். முதலில் மூங்கில் தட்டி கட்டினார்கள். தட்டி யாரைத் தடுக்கும்? நானும் அக்காவும் அதன் அடியில் நுழைந்து போய் வந்துகொண்டிருந்தோம். அம்மா இந்தப் பக்கம் நின்று நெருப்பு கேட்டால், பெரியம்மா கொட்டாங்குச்சியில் கங்கு வைத்துத் தட்டிக்கு மேலே நீட்டுவாள். ஒருநாள் அப்பா அதைப் பார்த்துவிட்டார். கெட்டிச் சுவர்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அப்போது ஐப்பசி மழை. மண்சுவர் வைத்தால் காயாது என்று ஊரே சொன்னது. அப்படித்தான் வீட்டுக்குப் பின்னால் சும்மா நின்றுகொண்டிருந்த பலாமரத்தின்மேல் எல்லார் கண்ணும் விழுந்தது.

அதற்குக் கவுண்டர் சொன்ன தீர்ப்பை நீங்கள் வேறு ஊரில் கேட்டிருக்க மாட்டீர்கள். மரம் இரண்டு பேருக்கும் பொது, ஆகவே வெளியாள் கை படக் கூடாது. அண்ணன் தம்பி இருவருமே அறுக்க வேண்டும், இருவருமே ஆணி அடிக்க வேண்டும். "நாளைக்கி இது எஞ்சொவுரு, உஞ்சொவுருன்னு ஒருத்தனும் என் வூட்டுக்கு வரக் கூடாது பாரு," என்றார். மேலே நின்றவன் கீழே நின்றவன் தலையில் தூளைக் கொட்டினான் என்று அது தனி வழக்காக வந்துவிடும் என்று பயந்து, காலையில் ஒருவர் மேலே, மத்தியானம் மற்றவர் மேலே என்றும் சேர்த்துச் சொன்னார். கெட்டிக்கார மனுஷன் என்று ஊர் மெச்சியது. ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் இருப்பதற்கான சுவரை, அந்த இரண்டு பேரும் ஒரே ரம்பத்தைப் பிடித்துக்கொண்டு அறுத்து எடுக்க வேண்டும் என்பதில் யாருக்கும் எதுவும் உறுத்தவில்லை.

மரத்தைத் தேய்பிறையில்தான் சாய்த்தார்கள். வளர்பிறையில் வெட்டினால் பூச்சி அரிக்கும் என்பதில் மட்டும் இருவரும் ஒரே கட்சி. மழை விட்டு மார்கழிப் பனி இறங்கியதும் அறுப்பு தொடங்கியது. வீட்டுக்குப் பின்னால் சரிவு, அதனால் குழி தோண்ட வேண்டிய வேலை இல்லை. அடிமரத்தின் ஒரு முனையை மேட்டில் கிடத்தி, மறுமுனைக்குக் கவட்டைக் கால்கள் நட்டு அந்தரத்தில் நிறுத்தினார்கள். மரத்தின்மேல் ஒருவர் ஏறி நிற்பார், அடியில் ஒருவர். கரி கரைத்த தண்ணீரில் நூலை நனைத்து, இரண்டு முனையிலும் இழுத்துப் பிடித்துச் சுண்டுவார்கள். மஞ்சள் மரத்தில் கறுப்புக் கோடு விழும். மேலே நிற்பவர் அந்தக் கோட்டைப் பார்த்து ரம்பத்தை நடத்துவார். கீழே நிற்பவருக்குக் கோடும் தெரியாது, மேலே இருப்பவர் முகமும் தெரியாது. ரம்பம் வரும்போது இழுக்க வேண்டும், போகும்போது விட வேண்டும்.

பனி விலகாத காலையில் அந்தச் சத்தத்தில்தான் நான் கண் விழிப்பேன். கர்ர் என்று ஓர் இழுப்பு, பிறகு ஒரு மூச்சு இடைவெளி, மறுபடி கர்ர். மஞ்சள் தூள் பனியோடு சேர்ந்து கீழே நிற்பவரின் தோளிலும் புருவத்திலும் அப்பிக்கொள்ளும். பிஞ்சுப் பலாக்காயை வகிர்ந்த மாதிரி ஒரு வாசனை, கூடவே புளித்த ஈரம். பச்சை மரத்தின் பால் ரம்பத்தில் பிசினாக ஒட்டும். விளக்கெண்ணெயில் நனைத்த துணியால் அதைத் துடைத்துக் கொடுப்பது என் வேலை. அறுத்த பலகையின் நுனி வெடிக்காமல் இருக்கச் சாணி பூசுவது அக்கா வேலை. அவள் மேட்டில், நான் பள்ளத்தில். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளலாம், கிட்டே போகக் கூடாது. போனால் அப்பா ரம்பத்தை நிறுத்திவிடுவார். அவர் திட்டக்கூட மாட்டார். அந்த அமைதிக்கே நாங்கள் பின்வாங்கிவிடுவோம்.

எனக்கு இன்னொரு வேலையும் வந்து சேர்ந்தது. ரம்பம் பிடிக்கிற இரண்டு பேர் ஓயாமல் ஏதாவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். இவர்களுக்குத்தான் பேச்சு இல்லையே.

"நூலு வுட்டு வெளிய போவுதுன்னு சொல்லு உங்கப்பன்கிட்ட," என்பார் மேலே இருந்து பெரியப்பா.

அவர் காலடியில், எட்டினால் தொடும் தூரத்தில் அப்பா நிற்பார். கேட்டிருக்கும். ஆனால் அசைய மாட்டார். நான் அவர் பக்கம் திரும்பி, "அப்பா, நூலு வெளிய போவுதாம்," என்று சொன்ன பிறகுதான் அது அவர் காதில் விழும்.

"ஆப்பு அடிக்கச் சொல்லு. தானா சரியாவும்."

"பெரியப்பா, ஆப்பு அடிக்கணுமாம்."

முதலில் எனக்குப் பெருமையாக இருந்தது. பெரியவர்கள் இரண்டு பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பது சின்ன விஷயமா? பிறகு அலுத்துவிட்டது. அவர்கள் குரலையே எடுத்துப் பேசப் பேச, என் பேச்சு என்று எனக்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று. மேட்டிலிருந்து அக்கா என்னைப் பார்த்து வாயை மட்டும் அசைத்துப் பழிப்புக் காட்டுவாள். அதுதான் அன்றைய விளையாட்டு. ஒன்று சொல்ல வேண்டும்: பேசாத அந்த இரண்டு பேர் அறுத்ததைப் போல நேரான பலகையை எதிரே உள்ள மிஷின்கூட அறுத்து நான் பார்க்கவில்லை. கை இரண்டும் சண்டை போடவில்லை போலிருக்கிறது.

எனக்கு அந்தக் காலத்தில் ஒரே வேண்டுதல்தான். சுவர் எழும்பக் கூடாது. எழும்பினால் அக்கா போய்விடுவாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ரம்பத்தின் பல் உடைய வேண்டும், பலகை பிளக்க வேண்டும், மரத்துக்குள் கல் இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்த சாமியிடமெல்லாம் கேட்டேன். பலகைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போயின.

கடைசித் துண்டை அறுத்த அன்று மத்தியானம் பெரியப்பா கீழே, அப்பா மேலே. பலகை பிரிந்து விழுந்ததும் பெரியப்பா நகரவில்லை. தலையிலிருந்து முழங்கால் வரை மஞ்சளாக நின்றார். ரம்பத்தின் கைப்பிடியை விடாமல் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"பாப்பா, பச்ச மரம். உடனே அடிச்சா நெளியும், சுருங்கும். நடுவுல குச்சி குடுத்து அடுக்கி வெப்போம். ஒரு வருசம் காயட்டும்னு சொல்லு உங்கப்பன்கிட்ட."

ஒரு வருஷம் என்றால் ஒரு வருஷம் சுவர் இல்லை. நான் தலையைத் தூக்கி, எழுத்துக் குறையாமல் சொன்னேன். "அப்பா, பச்ச மரமாம். ஒரு வருசம் காயட்டுமாம்."

அப்பா மரத்தின்மேல் நின்றபடியே சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை.

"ஒரு வருசமா? அதுக்குள்ள வெளக்கு மூலையில இருந்து அடுப்பு மூல வரைக்கும் வளைச்சிக்கலாம்னு கணக்கு போட்றாரா? நாளைக்கே ஆணி அடிக்கணும்னு சொல்லு."

நான் அதையும் சொன்னேன். பெரியப்பா தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். கண்ணில் தூள் விழுந்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

"சரின்னு சொல்லு," என்றார்.

மறுநாள் ஆணி இறங்கியது. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் நின்று பலகை பலகையாக மறைந்துபோனார்கள். கடைசிப் பலகை ஏறுவதற்கு முன்னால் அக்கா அந்த இடைவெளிக்கு ஓடி வந்தாள். பிஸ்கட் டப்பாவை என் கையில் திணித்தாள். மூடியைத் தன் பாவாடையில் செருகிக்கொண்டாள்.

"டப்பா உன்னாண்ட இருக்கட்டும், மூடி என்னாண்ட. அப்பதான் ஒருத்திக்கு ஒருத்தி வேணும்."

சுவர் நின்றுவிட்டது. அதன் புது மஞ்சள் இருட்டிலும் தெரிந்தது. அதே பாயில் நான் மட்டும் படுத்தேன். பாய் அவ்வளவு அகலம் என்று எனக்கு அதுவரை தெரியாது. அம்மா உரலில் சாமை குத்தும்போது பெரியம்மாவின் எதிர் உலக்கை இல்லாமல் தாளம் தவறிக்கொண்டே இருக்கும். அப்பா வழக்கம்போலச் சாப்பிட்டார், தூங்கினார். சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது இருமினால் மட்டும் கையில் உருட்டிய சோற்றோடு கொஞ்ச நேரம் நிறுத்துவார்.

பங்குனி வெயில் ஏறியதும் சுவர் பேச ஆரம்பித்தது. நடுப்பகலில் பலகைகள் டப் டப் என்று வெடிக்கும். முதலில் இரண்டு பலகைக்கு நடுவே ஒரு நூல் வெளிச்சம் வந்தது. பிறகு அது விரல் மொத்தம் ஆயிற்று. அப்பா மண்ணையும் சாணியையும் பிசைந்து அடைத்தார். காய்ந்து உதிர்ந்தது. துணியைச் சுருட்டித் திணித்தார். மரம் இன்னும் சுருங்கியது, துணி கீழே விழுந்தது. நான் வேண்டிய சாமி எல்லாம் கொஞ்சம் தாமதமாகக் காது கொடுத்திருக்கின்றன என்று எனக்கு ஒரே சந்தோஷம். அக்காவின் பாவாடை ஓரம் தெரியும். ஒருநாள் அவள் கண் தெரிந்தது. ஒரு குன்றிமணியை இடுக்கில் வைத்து உருட்டிவிட்டேன். அந்தப் பக்கம் விழுந்த சத்தமும் அக்காவின் சிரிப்பும் கேட்டன. அவள் அதைத் திரும்ப உருட்டினாள். இப்படியே கொஞ்ச நாள் போயிற்று.

சித்திரையில் அம்மாவோடு நான் புளி பொறுக்கப் போயிருந்தேன். திரும்பி வந்து இடுக்கில் கண்ணை வைத்தபோது அந்தப் பக்கம் அடுப்பு துடைத்து மெழுகியிருந்தது. பானைகள் கவிழ்த்து வைத்திருந்தன. கர்நாடகப் பக்கம் காப்பித் தோட்டத்துக்குப் போய்விட்டார்களாம். எங்கள் மலையிலிருந்து வருஷா வருஷம் பலபேர் போவார்கள், விதைப்புக்குத் திரும்பி வருவார்கள். அதனால் நான் அழவில்லை. டப்பாவை எடுத்து இடுக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

அந்த வெயிலில் ஒரு பலகை முறுக்கிக்கொண்டு ஆணியையே பிடுங்கிவிட்டது. என் கை நுழையும் அளவுக்கு வழி விட்டது. முழங்கை வரை உள்ளே விட்டு, விரலை விரித்து அங்கும் இங்கும் ஆட்டினேன். அந்தப் பக்கம் குளிர்ச்சியாக இருந்தது. யாராவது பிடிப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை, இருந்தாலும் கையை எடுக்க மனம் வரவில்லை.

"அங்க யாரும் இல்லடி," என்றாள் அம்மா.

அதே அம்மாதான், சில நாள் கழித்து அடுப்பு அணைந்துபோனபோது, பழக்கதோஷத்தில் கொட்டாங்குச்சியோடு சுவர் பக்கம் போய் நின்றாள். நின்றது தெரிந்ததும் திரும்பி என்னைப் பார்க்காமல் வெளியே போனாள்.

விதைப்புக்கு அவர்கள் வரவில்லை. அடுத்த விதைப்புக்கும் வரவில்லை. பெரியப்பா தோட்டத்திலேயே கூலியாட்களுக்கான லைன் வீடு ஒன்றை நிரந்தரமாக வாங்கிக்கொண்டார் என்று யாரோ வந்து சொன்னார்கள். டப்பா துரு ஏறி, அடி ஓட்டையாகி, எப்போது தொலைந்தது என்றே தெரியாமல் தொலைந்தது.

இதற்குப் பிறகு என் வாழ்க்கை முழுக்க நடந்தது. அதைச் சொல்லப்போவதில்லை. எனக்குப் பேரப்பிள்ளைகள் வருகிற வயதில்தான் பெரியப்பா இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. அப்பா அப்போது மலையில் தனியாக இருந்தார், அம்மா போய்ச் சேர்ந்திருந்தாள். "வர்றியாப்பா?" என்று கேட்டேன். "பஸ்ஸு எனக்கு ஒத்துக்காது, நீ போய்ட்டு வா," என்றார். நடந்து போயிருக்கலாமே என்று அவரிடம் கேட்க ஆள் இல்லை.

காரியத்துக்குப் போனேன். அக்கா பருத்து, நரைத்து, பாதி கன்னடமாகப் பேசினாள். பழையதை எல்லாம் பேசலாம் என்று போன எனக்கு எதில் தொடங்குவது என்று தெரியவில்லை. "அந்த மூடிய வெச்சிருக்கியா?" என்று கேட்டேன். "இன்னா மூடி?" என்றாள். பெரியம்மாதான் என் கையைப் பிடித்து வைத்துக்கொண்டு பேசினாள்.

"ஒரு வருசம் கேட்டாரும்மா உங்கப்பன. மரம் காயறதுக்கா கேட்டாரு? ஒரு வருசத்துல தம்பிக்கு கோவம் ஆறிடும், பலகைய வேற எதுக்காவது போட்டுக்கலாம்னு எங்கிட்ட சொல்லிட்டுத்தான் அன்னிக்கி அறுக்கவே போனாரு. சாவற வரைக்கும் அதையே சொல்லிகினு இருந்தாரு."

மலையேறி வந்து அப்பாவிடம் இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று வழியெல்லாம் யோசித்தேன். வீட்டுக்குள் போனதும் நடுச்சுவர் கண்ணில் பட்டது. கறுத்து, கோணிக்கொண்டு, ஆனாலும் நின்றுகொண்டிருந்தது. அந்தப் பக்கத்துப் பாதியை அப்பா இத்தனை வருஷத்தில் தொடவே இல்லை. மழைக்கு ஓர் ஆட்டைக்கூட அங்கே கட்டியதில்லை. கூரை மட்டும் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறார். ரம்பம் சுவரின் நடுப்பலகையில் மாட்டியிருந்தது.

சொல்லிவிட்டேன். அப்பா கட்டிலில் உட்கார்ந்து கேட்டார்.

"எனக்குத் தெரியாதா," என்றார். "பச்ச மரம் இன்னா ஆவும்னு எனக்குத் தெரியாதா. அவுரு எதுக்குக் கேட்டார்னும் தெரியும். என் மூஞ்சியப் பாத்து ஒரு வாட்டி கேட்டிருந்தா குடுத்திருப்பேன். மேலதான நின்னுகினு இருந்தேன்."

கொல்லையில் காற்று அடித்தது. அப்பா சுவரைப் பார்த்தார்.

"பாப்பா, உங்க பெரியப்பன்கிட்ட சொல்லு."

அப்பாவுக்கு மறதி என்பதே கிடையாது. நான் யாருடைய காரியத்துக்குப் போய்விட்டு வந்திருக்கிறேன் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

"இன்னான்னு சொல்றது?" என்று கேட்டேன்.

"ஒரு வருசம் காயட்டும்னு சொல்லு."

எழுந்து சுவர் வரைக்கும் போனேன். சின்ன வயதில் கை விட்ட அதே இடுக்கில் வாயை வைத்து, "பெரியப்பா, ஒரு வருசம் காயட்டுமாம்," என்றேன். உள்ளே இருட்டாக இருந்தது. திரும்பிப் பார்த்தேன். அப்பா பதிலுக்குக் காத்திருந்தார்.